இரவல் பாசி

தொப்பிமலை எஸ்டேட்டில் மழை விடாமல் பெய்த அந்த வருஷம், வேலிக்கு நட்ட காய்ந்த கம்பு தளிர்த்து, கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டையில் புல் முளைத்து, வாசலில் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பில் காளான் குடை விரித்து, இனி முளைக்க இடமே இல்லை என்று ஆனபிறகு, மனிதர்கள் மேல் முளைக்க ஆரம்பித்தது. முதலில் ஃபாக்டரி வாட்ச்மேன் குருசுவின் காதுக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி. அடுத்து மாரியம்மன் கோவில் பூசாரியின் முழங்கையில் நித்தியகல்யாணி. அதற்கடுத்து டீக்கடை தங்கபுஷ்பத்தின் பின்னங்கழுத்தில் டேலியா, அதுவும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படாமல் இருப்பதில் தொப்பிமலைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. யானை வந்து ரேஷன் கடைக் கதவைப் பெயர்த்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனால்கூட, மறுநாள் காலையில் அந்த வழியாகப் போகிறவர்கள் கதவைப் பார்த்து, "சரி, இன்னைக்கு அரிசி கிடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

மலையில் பாதிப்பேருக்குப் பூச்செடி வந்தது. ஆளுக்கு ஒரு தினுசு. ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை. கொஞ்சம் பேருக்குப் பாசி வந்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவர்கள் கண்ணாடி முன்னால் நின்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மழைதான் இன்னும் இருக்கிறதே என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். பார்பர் புதிதாக ஒரு ரோஜாக் கத்தரி வாங்கினார். டெய்லருக்கு ரவிக்கையிலும் சட்டையிலும் ஓட்டை வைத்துத் தைக்கும் வேலை குவிந்தது. கல்யாணத் தரகர் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் "பூவா, பாசியா?" என்று கேட்கத் தொடங்கினார். உடம்பில் பூத்ததை அம்மனுக்குச் சாத்தலாமா என்று பூசாரி வெகுநாள் யோசித்து, குளித்துவிட்டுப் பறித்தால் சாத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னார்; சர்ச்சில் ஃபாதர், பூசைக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டுகளை வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். பஸ் கண்டக்டர், சீட்டெல்லாம் நனைகிறது என்று பாசிக்காரர்களைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். அவர்களும் நின்றார்கள்.

பாசிக்கு அந்த மலையில் எப்போதுமே மரியாதை கிடையாது. அதற்குக் காரணம் தொழில். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய பிறகு, மொட்டையாக நிற்கும் தண்டில் படர்ந்திருக்கும் பாசியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துச் சுரண்டி எடுத்தால்தான் புதுத் துளிர் வரும் என்பார்கள். அது பெண்களின் வேலை. தலைமுறை தலைமுறையாகச் சுரண்டிச் சுரண்டி, பச்சையாக மெத்தென்று எதைப் பார்த்தாலும் அவர்கள் கை நாரைத் தேடும். ஆகவே கொழுந்து எடுக்கும் முப்பிடாதியின் இடது தோளில் ஒருநாள் காலையில் பாசி படர்ந்திருந்தபோது, அவளுடைய புருஷன் ஐயாத்துரை முதலில் செய்தது, அடுப்பு மேடையிலிருந்து தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்ததுதான்.

"திரும்பி நல்லா உக்காரு. அந்தப் பக்கம் இன்னும் இருக்கு."

"மெதுவாங்க. தோலு வருது."

"தோலு போனா வரும். இது போகணும்லா."

போகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் சுரண்டினான், ஒவ்வொரு புதன்கிழமையும் அது திரும்ப வந்தது. முன்பைவிட அடர்த்தியாக, விரல் வைத்தால் அமிழ்கிற அளவுக்கு வந்தது. ஐயாத்துரைக்கோ, கேட்கவே வேண்டாம், வலது தோளில் காசித்தும்பை. ரோஸ் நிறம், இதழில் வெள்ளைத் தெளிப்பு. அப்படி ஒரு பூவை மலையில் ஒருவரும் பார்த்ததில்லை. ஃபாக்டரியில் கொழுந்து வறுக்கிற அனலில் நின்று வேலை செய்கிறவன் என்பதால் செடி வாடிவிடுமோ என்று முப்பிடாதிக்குப் பயம். விடிந்ததும் அவனை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, உதிர்ந்த பூவைக் கிள்ளி, புழுவைப் பொறுக்கி, சாய்ந்த தண்டுக்கு ஒரு ஈர்க்குச்சியை ஊன்றி நூலால் கட்டி, வாயில் தண்ணீரைக் கொப்பளித்துப் பூவாகத் தூவி, அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய மேல் லைன், கீழ் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பின்பக்கக் குழாயடியில் குளிக்கிற நேரம் அது. அவர்கள் குளித்து முடித்து ஈரத்தலையோடு திரும்புகையில் இவள் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இருவர் மட்டும். முப்பிடாதி அந்த மலையில் தனக்கென்று நம்பி வைத்திருந்ததும் இரண்டே பேரைத்தான். ஒருவன் ஐயாத்துரை. இன்னொருத்தி சலேத்து. கீழ் லைனில் இருந்த சலேத்து, கொழுந்து எடுக்கையில் முப்பிடாதிக்கு அடுத்த நிரையில், பக்கத்துச் செடி வரிசையில், நிற்பவள். புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே யாரோடோ தங்கிவிட்டான். அவன் போன நாளிலிருந்து முப்பிடாதி சோற்றை இரண்டு டப்பாவில் கட்டினாள். சலேத்து அவளை "மதினி" என்றுதான் கூப்பிடுவாள், ஐயாத்துரையை "அண்ணே" என்பாள். ரத்த உறவு ஒன்றுமில்லை, வாய் நிறையக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த உறவு, அதனால் முப்பிடாதிக்கு அது இன்னும் பெரிதாகப் பட்டது.

மனமகிழ் மன்றத்துக் கொட்டகையில் ஜெயசீலன் வாத்தியாரை வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். பூச்செடிக்கும் பாசிக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்ல வேண்டும், அதற்குத் தகுந்தபடி கோவில் கொடைத் திருவிழாவில் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்ய வேண்டும். வாத்தியார் தன் மணிக்கட்டில் பூத்திருந்த டிசம்பர் பூவைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"பூச்செடிக்கு வேர் இருக்கு. தண்டு இருக்கு. தண்ணி ஏற உள்ளுக்குள்ள குழாய் இருக்கு. பூக்கும், காய்க்கும், விதை போடும். பாசிக்கு இதுல ஒண்ணும் கிடையாது. பிடிச்சுக்கிறதுக்கு நூல் மாதிரி ஏதோ இருக்கும், அது வேர் இல்ல. உரிச்சு இன்னொரு இடத்துல வச்சா அங்கயே இருந்துக்கும். உடம்பு பூராவும் தண்ணி குடிக்கும். காய்ஞ்சா செத்த மாதிரி கெடக்கும், ஒரு கை தண்ணி பட்டா எந்திரிச்சுரும்."

"அப்ப எது சார் ஒசத்தி?" என்றார் குருசு, காதோரச் செம்பருத்தியை நிமிர்த்திவிட்டுக்கொண்டு.

"ஒசத்தி தாழ்த்தி எல்லாம் இல்ல. பாத்தா பாசிதான் மூத்தது. மண்ணே இல்லாத பாறையில மொதல்ல போய் உக்காந்தது அதுதான்."

கூட்டம் 'ஒண்ணும் கிடையாது' என்பதோடு காதை மூடிக்கொண்டது. பூக்காரர்களுக்கு முன்வரிசை என்று முடிவாயிற்று. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏன் சார், எங்க பூவெல்லாம் ஒண்ணுகூடக் காய்க்காம உதிருது?"

"ஆளுக்கு ஒரு தினுசால்ல பூத்திருக்கு. மனுஷ உடம்புல பூக்கிறது தனியா நின்னா காய்க்காது போல. அதே பூ இன்னொருத்தர்கிட்ட இருந்து, வண்டு ரெண்டுலயும் மாறி மாறி உக்காரணும். நெருக்கத்துல இருக்கணும். அப்பத்தான்."

பூக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். முப்பிடாதி பின்வரிசையில், சுவரை நனைத்துக்கொண்டு, சலேத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சலேத்து சேலைத் தலைப்பை இரண்டு தோளும் மூடும்படி இழுத்துப் போர்த்தி, குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவளுக்கு எதுவும் முளைக்கவில்லை என்ற வருத்தம் போலிருக்கிறது என்று முப்பிடாதி நினைத்தாள், பாவம் என்றும் நினைத்தாள்.

மறுநாள் நிரையில் சலேத்து பேச்சை ஆரம்பித்தாள்.

"மதினி, ஒண்ணு கேட்டா தருவியா?"

"என்னத்தக் கேக்கப் போற, கழுத்துச் சங்கிலியையா?"

"மழைகூட என்னைப் பாத்து ஒதுங்குது மதினி. புருஷன் விட்டுட்டுப் போனவ, அதான் இவ ஒடம்புல ஒண்ணும் முளைக்கலன்னு ஊரு சிரிக்குது. உன் பாசியில கொஞ்சம் குடேன். ஒட்டிக்கிட்டா ஒட்டிக்கும்னு வாத்தியார் சொன்னார்ல."

முப்பிடாதிக்கு அழுகை வந்துவிட்டது. புருஷன் நார் வைத்துச் சுரண்டுகிற, கண்டக்டர் முகம் சுளிக்கிற, சொந்த மகள் போனில் "இன்னும் போகலையாம்மா?" என்று கேட்கிற தன் பாசியை, ஒருத்தி வேண்டும் என்று கேட்கிறாள். தோளில் நகத்தைக் கொடுத்து, தோசையின் ஓரத்தை எழுப்புவதுபோல மெல்ல எழுப்பி, ஒரு உள்ளங்கை அளவு உரித்து, டப்பா மூடியில் தண்ணீர் தெளித்து வைத்துக் கொடுத்தாள். இரு, நானே ஒட்டிவிடுகிறேன் என்றபோது சலேத்து நெளிந்தாள். "கூச்சமா இருக்கு மதினி. வீட்டுல போய் ஒட்டிக்கிறேன்."

அடுத்த நாள் சலேத்தின் இடது தோள்பட்டையில், கழுத்திலிருந்து பின்பக்கமாக இறங்கி, பாசி பச்சென்று இருந்தது. பாசிக்காரர்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சலேத்து அவ்வப்போது கேட்டாள்: ஓரம் காய்ஞ்சு போச்சு மதினி, சாக்கு உரசிப் பிஞ்சு போச்சு மதினி, இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாருக்கும் மதினி. முப்பிடாதி ஒவ்வொரு முறையும் உரித்துக் கொடுத்தாள். தன் தோளில் திட்டுத்திட்டாகச் சிவந்த தோல் தெரிந்தபோதும், கேட்டால் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயாத்துரை நாரை எடுத்துக்கொண்டு வந்தால், "விடுங்க, சலேத்துக்கு வேணும்" என்பாள். அவனும் அந்தப் பெயரைக் கேட்டதும் நாரைக் கீழே வைத்துவிடுவான்.

மழை ஓய்ந்து, பனி விழுந்து, அந்தப் பனியும் கரைந்த ஒரு காலையில், புருஷனின் தோளில் உதிர்ந்த இதழைக் கிள்ளிக்கொண்டிருந்த முப்பிடாதியின் விரலில் ஏதோ பூனைமுடியாகத் தட்டுப்பட்டது. இலைக்கடியில் மூன்று நான்கு பச்சைக் காய்கள், மேலெல்லாம் மெல்லிய ரோமத்தோடு தொங்கின. முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது.

"ஏங்க! காய் பிடிச்சிருக்கு! மலையிலயே உங்களுக்குத்தான் மொத மொத!"

ஐயாத்துரை திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையை எடுத்து மாட்டினான், ஷிப்டுக்கு நேரமாச்சு என்றான். மாட்டிய வேகத்தில் ஒரு காய் நசுங்கியது. முப்பிடாதி ஈர்க்குச்சியும் நூலுமாக வாசலில் நின்றாள். அவன் ஃபாக்டரி வளைவில் மறைந்த பிறகு, கொட்டகையில் வாத்தியார் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு ஞாபகம் வந்தது. அதே பூ இன்னொருத்தரிடம். வண்டு மாறி மாறி. நெருக்கத்தில்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. சலேத்துதான் கேட்டாள், என்ன மதினி என்று. முப்பிடாதி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "இந்த மலையில எவளோ ஒருத்தி தோள்ல காசித்தும்பை இருக்குட்டி. அவளைக் கண்டுபிடிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்றாள். சலேத்து தன் டப்பாவை மூடிவிட்டு, "அண்ணன் அப்படிப்பட்டவரா மதினி?" என்றாள். அப்புறம், "நான் கீழ் லைன்ல பாக்கேன், நீ மேல் லைன்ல பாரு" என்றாள்.

மலை முழுக்க அந்தத் தேடலில் இறங்கியது. தங்கபுஷ்பம் டீக்கடைக்கு வருகிறவர்களின் கழுத்தை எட்டிப் பார்த்து வந்து, "இல்லடி முப்பிடாதி, எவகிட்டயும் இல்ல" என்றாள். குருசு ஃபாக்டரி கேட்டில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். சர்ச் திருவிழாவில் சோற்றுக்கு நின்ற வரிசையில், முப்பிடாதியோடு சேர்ந்து தங்கபுஷ்பம் முதலாக ஐந்தாறு பெண்கள் முன்னும் பின்னும் நடந்து தோள் தோளாகத் தேடினார்கள். ரோஸ் நிறத்தில் எதைப் பார்த்தாலும் கையைக் காட்டினார்கள், கிட்டப் போனால் அது வேறொரு பூவாக இருந்தது. "ஆனைமலைப் பக்கம் எவளாவது இருப்பா" என்றாள் ஒருத்தி. "காய்ங்கிறது சில சமயம் சும்மாகூட வரும்" என்றாள் இன்னொருத்தி. அவர்கள் தனக்காக இவ்வளவு மெனக்கெடுவதைப் பார்த்து முப்பிடாதிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பாசிக்காரி என்று பின்னால் தள்ளியவர்கள்தான், ஆனாலும் துன்பம் என்று வந்தால் கூட நிற்கிறார்களே என்று மகளிடம் போனில் சொன்னாள்.

கோடை வந்தது. பூக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாசிக்காரர்களின் பாசி பழுப்பேறி, மொறுமொறுத்து, சுருண்டது. சாகவில்லை, காத்துக்கிடந்தது. அதற்காக அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது: மத்தியானம் எடை போடுகிற இடத்தில், கூடையை இறக்கியதும், தான் ஒரு வாய் குடிப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரின் பாசிக்கு ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும். யாரும் வைத்த சட்டமில்லை. பின்வரிசையில் நின்று நின்று தானாக ஏற்பட்டது. சலேத்து மட்டும் எப்போதும் "நானே தெளிச்சுக்கிறேன், எனக்குக் கூச்சம்" என்று தள்ளிப் போவாள்.

அன்று வெயில் தகரத்தைக் கொதிக்க வைத்தது. சலேத்து கூடையை இறக்கக் குனிந்தபோது, அவள் தோள்பட்டையின் பாசி ஓரமெல்லாம் சுருண்டு அப்பளமாகத் தூக்கிக்கொண்டு நிற்பதை முப்பிடாதி பார்த்தாள். தன் பாசிதான் அது. தன் தோளில் பிறந்தது. இப்படிக் காய விட்டிருக்கிறாளே என்று கேனைச் சாய்த்து உள்ளங்கை நிறையத் தண்ணீர் பிடித்து, ஓசைப்படாமல் பின்னால் போய், சலேத்தின் தோளுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள்.

கைக்கடியில் 'டப்' என்று ஒரு சத்தம். காசித்தும்பைக் காயைத் தொட்டு வெடிக்கவைத்து விளையாடாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? அந்தத் துடிப்பை உள்ளங்கைக்கு அடையாளம் தெரிந்தது. ஒன்று வெடித்த அதிர்ச்சியில் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக வெடித்து, விதைகள் பாசியைக் கிழித்துக்கொண்டு சிதறி முப்பிடாதியின் கன்னத்திலும் கழுத்திலும் தோளிலும் பட்டன. கிழிந்த பாசிக்கு நடுவே, மூச்சுமுட்டிக் கிடந்த ஒரு பூ மெல்ல நிமிர்ந்தது. ரோஸ் நிறம். இதழில் வெள்ளைத் தெளிப்பு.

முப்பிடாதி கையை எடுக்கவில்லை. அவள் சலேத்தைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். யாராவது ஒருத்தி "ஐயோ" என்று சொல்வாள் என்று பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை. டீத் தூக்கோடு வந்திருந்த தங்கபுஷ்பம் தன் கால் விரலைப் பார்த்தாள். மற்றவர்கள் பூவைப் பார்க்காமல் முப்பிடாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடை போடுகிற ஆள், "அடுத்த கூடை" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று தெரிந்தது. அவள் கை இருந்த இடம் முதுகின் மேல்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே. சலேத்து என்ன வளைந்தாலும் அவள் கை அங்கே எட்டாது. யாரோ ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

"யாரு ஒட்டிவிட்டது?" என்றாள்.

தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"குழாயடியில நனைஞ்சு உரிஞ்சு வரும்ல? தெனம் யாரு ஒட்டிவிட்டது?"

தங்கபுஷ்பம்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "ஆளுக்கு ஒரு நாள் ஒட்டிவிட்டோம். உன் மனசு கஷ்டப்படும்னுதான்டி. வேற எதுக்கு?"

"எங்கூடச் சேந்து தேடுனியேக்கா. சோத்து வரிசையில ஒவ்வொரு தோளா எனக்குக் காட்டுனியே."

பொம்பளை, ஆம்பளை அத்தனை பேர் நடுவில் முப்பிடாதி வாய்விட்டு அழுதாள். புருஷன் செய்த துரோகத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அதைத் திட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம். இந்தத் துரோகம் ஊர் முழுக்கப் பரவிக்கிடந்தது, யாரைப் பிடித்து உலுக்குவது? தன் புருஷனின் செடிக்குத் தான் வாசலில் உட்கார்ந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பத்தடி தள்ளிக் குழாயடியில் அத்தனை பேரும் அந்தச் செடியின் ஜோடியைத் தன் பாசியை வைத்தே மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆசையாக உரித்துக் கொடுத்த பாசி.

"மதினி..." என்றாள் சலேத்து.

"அந்த வார்த்தையைச் சொல்லாத. அண்ணன் பொண்டாட்டியத்தான் மதினின்னு கூப்பிடுவாங்க."

சொல்லிவிட்டு முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சலேத்தின் முதுகிலிருந்த பாசியைத் துண்டு துண்டாக எடுக்க ஆரம்பித்தாள். வேரில்லாதது, தொட்டதும் வந்தது. ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துத் தன் தோளில், அது முன்பு இருந்த இடத்திலேயே, வைத்து அழுத்தினாள். பாசி அவள் கண்ணெதிரே மெல்லப் பச்சையானது. மூடியிருந்த பாசி எல்லாம் போன பிறகு காசித்தும்பை வெயிலில் தனியாக நின்றது, சதைக்குள் இறங்கியிருந்த வேர் நரம்பாகத் தெரிந்தது.

"அதையும் பிடுங்கிப் போட்டுரு" என்று சலேத்து அழுதாள்.

"அதுக்கு வேர் இருக்கு. பிடுங்கினா உனக்கு ரத்தம் வரும். என்னுதை எடுத்துட்டேன், எனக்கு அவ்வளவுதான் வேணும்."

லைன் வீடு முப்பிடாதியின் வேலைக்குக் கொடுத்த வீடு. ஐயாத்துரை ஷிப்டு முடிந்து வந்தபோது அவன் டிரங்குப் பெட்டி வாசல் ஸ்டூலின் மேல் இருந்தது.

"மழையில எல்லாருக்கும்தான் முளைச்சுது. ரெண்டு பேருக்கும் ஒரே பூ வந்தது என் தப்பா?" என்று கேட்டான்.

"முளைச்சதை நான் கேக்கல. காய்ச்சதைக் கேக்கேன்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ் லைனுக்குப் போனான். மலை இதற்கும் ஆச்சரியப்படவில்லை. வந்த வாரமே அவர்கள் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். மலையில் காய்க்கிற ஒரே ஜோடி அது. பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து விதை வாங்கிப் போனார்கள், ராசி என்று. பூசாரி அம்மன் பிரசாதத்தோடு ஒரு விதையை வைத்துக் கொடுத்தார். பாவம், புருஷன் விட்டுப்போன பெண்ணுக்கு ஒரு வழி பிறந்ததே என்றுகூட டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முப்பிடாதி அந்தப் பக்கம் நடந்தால் பேச்சு நின்றது. அவள் ஒருத்தரோடும் பேசவில்லை. நிரையில் ஓரமாக நின்றாள், சோற்றை ஒரே டப்பாவில் கட்டினாள். விடிகாலையில் கைக்கு வேலையில்லாமல் வாசலில் நிற்பாள், ஸ்டூலைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அந்த நேரம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுபடி ஜூன் பிறந்தது, முதல் மழை இறங்கியது. பாசிக்காரர்கள் ரவிக்கைத் தோளைத் தளர்த்திவிட்டு மழையில் நின்றார்கள். முப்பிடாதியின் தோளில் பாசி உப்பிப் பச்சை பொங்கியது. அந்தப் பச்சைக்குள்ளிருந்து, அன்று வெடித்துச் சிதறி அவள் தோளில் விழுந்து, கோடை முழுக்கப் பாசியின் மடிப்புக்குள் பத்திரமாகப் படுத்திருந்த விதைகள் முளைவிட்டன.

செய்தி மலையெங்கும் பரவியது. இவ்வளவு நாள் அவள் கண்ணைப் பார்க்காமல் ஒதுங்கிப்போனவர்கள் எல்லோரும், மழையோடு மழையாக, நிரைக்கே அவளைத் தேடி வந்தார்கள். தங்கபுஷ்பம் குங்குமச் சிமிழோடு வந்தாள். குருசு சிரித்துக்கொண்டு வந்தார். சலேத்துகூட வந்து, கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தடியில் நின்றாள். அவர்கள் முகத்திலெல்லாம் அப்படி ஒரு நிம்மதி. இவளும் பூத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், இனி யாரும் யாருக்கும் எதுவும் செய்ததாக இருக்காது.

"பாத்தியா முப்பிடாதி, சாமி கண்ணத் திறந்துட்டா" என்றாள் தங்கபுஷ்பம். "நீயும் பூக்காரி ஆயிட்ட. கொடைக்கு எம்பக்கத்துல, முன்வரிசையில உக்காரப் போற. கண்டக்டர் எந்திரிச்சு உனக்குச் சீட்டு குடுப்பான்."

முப்பிடாதி தலையைத் திருப்பித் தன் தோளைப் பார்த்தாள். நாற்றுகள் விரல் உயரத்துக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. மொட்டின் நுனியில் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும், தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற கணக்கு. அவள் கைக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்ச் சேர்ந்து ஒரு நாற்றைக் கிள்ளின, அடுத்ததைக் கிள்ளின, அடுத்ததையும் கிள்ளின. பாசியில் வேர் பிடிக்க ஆழமில்லாததால் அவை வேரோடு வந்தன. தலைக்கு மேலாகக் கையை வீசி, முதுகில் தொங்கிய கூடைக்குள், கொழுந்தோடு கொழுந்தாக அவற்றைப் போட்டாள். ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்து முடித்துவிட்டு, உள்ளங்கையால் பாசியைத் தடவிச் சமன் செய்தாள்.

"ஐயோ!" என்றாள் தங்கபுஷ்பம். குங்குமம் மழையில் கரைந்து அவள் விரல் வழியாக ஒழுகியது. பின்னால் நின்றவர்களும் "ஐயோ" என்றார்கள். குருசு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வந்த பூவை ஒருத்தி தன் கையாலேயே கிள்ளி எறிவாள் என்று அவர்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. தொப்பிமலைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

எடை மேடையில், அன்றைக்கு, இந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அது காதில் விழுந்தது. முப்பிடாதி கூடையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.